ஒரு முழத் தூரத்து எழுத்து

விண்வெளி உடையின் தலைக்கவசத்துக்குள், வலது புருவத்துக்குச் சற்று மேலே, ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். அதற்கும் மேலே ஒளிந்திருக்கும் ஒரு குட்டி விளக்கு அதன்மேல் எழுத்தை வீசும். உடையைப் போட்டிருப்பவருக்கு அந்த எழுத்து காற்றில் மிதப்பது போலத் தெரியும். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அந்தத் தீப்பெட்டி அகல இடத்துக்காக ஐந்து வருடமாக நடந்த அடிதடியைப் பார்த்தால், வீட்டு மனைக்குச் சண்டை போடும் பங்காளிகள் எவ்வளவோ தேவலை.

ஆக்சிஜன்காரர்கள் தங்கள் எண் நட்டநடுவில் வரவேண்டும் என்றார்கள். பேட்டரித் துறைத் தலைவர், பேட்டரி தீர்ந்துபோனால் அந்த ஆக்சிஜன் எண்ணை யார் காட்டுவது என்று கேட்டார். உடைக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்பவர் ரொம்பச் சாது. எண்ணே வேண்டாம், நீல நிறத்தில் சின்னதாக ஒரு அலை ஆடிக்கொண்டிருந்தால் போதும் என்றார். எல்லோர் ஆசையையும் நிறைவேற்றியிருந்தால், வெளியில் மிதக்கும் மனிதருக்குக் கையில் இருக்கும் திருகைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்திருக்கும்.

இவர்களுக்கெல்லாம் "முடியாது" என்று சொல்வதுதான் கண்ணாடிக்காரியின் வேலை. கட்டடம் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளுக்குக் கீழே இருந்த நான்கு பேருக்கும் அதைவிடக் குறைவு. எழுத்து எவ்வளவு பெரிதாக, எந்த நிறத்தில், எவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்தது இந்த ஐவர் கூட்டம்தான். கை வேலை செய்யும் தூரத்திலேயே எழுத்தும் இருக்கட்டும் என்று இயக்குநர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே ஒரு முழத் தூரத்தில் மிதக்கும்படி வைத்தார்கள். ஐந்து பேரும் மாறி மாறிக் கவசத்துக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஊசிமுனை போல இருக்கிறது என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

அதைப் போட்டுக்கொண்டு மேலே போகப்போகிறவருக்குக் கழுகு என்று பெயர். ஒருநாள், எடையில்லாமல் மிதக்கப் பழகும் பயிற்சித் தொட்டியின் மேல்மாடத்தில் நின்றபடி, பன்னிரண்டு மீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடந்த ஒரு வாஷரைக் காட்டி, "அது யாரோடது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர். இப்போது வயது நாற்பத்தெட்டு. இதற்குமுன் இரண்டு முறை மேலே போகப் பெயர் வந்து, இரண்டு முறையும் கடைசியில் வேறொருவர் போனார். இந்த முறை இடம் அவருக்குத்தான். ஆனால் முப்பத்து நான்கு வயதில் ஒரு மாற்று ஆள் இருந்தார். சின்னவர் என்பார்கள். கழுகுக்கு ஒரு தும்மல் வந்தாலும் சின்னவர் வந்து நலம் விசாரிப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கழுகு, கண்ணாடிக்காரியின் அக்கா புருஷன். கல்யாணத்தன்று அவளுக்குப் பதினோரு வயது. மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவள் அவள். வேலையிடத்தில் அவரை "சார்" என்பாள். வீட்டில் "மாமா". இரண்டையும் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை.

தொட்டிச் சோதனை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அதுவரை வீரர்கள் மணிக்கட்டில் ஒரு குட்டிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு, தடித்த கையுறையால் பக்கத்தைப் புரட்டித்தான் வேலையின் படிகளைப் படித்தார்கள். அன்று புத்தகம் கிடையாது. பதினான்கு படிகளும் கண்ணாடித் துண்டில் ஒவ்வொன்றாக வரும். அதைக் கழுகு வாய்விட்டுப் படிக்க வேண்டும், செய்ய வேண்டும், "அடுத்து" என்று சொல்ல வேண்டும். சரியாக நடந்தால் அவருக்குப் பயணம் உறுதி, அவளுடைய கண்ணாடிக்கும் பயணம் உறுதி. தவறினால் பழைய புத்தகம் மேலே போகும். கண்ணாடி இன்னும் நான்கு வருடம் அலமாரியில் கிடக்கும்.

கழுகு தண்ணீருக்குள் ஜமாய்த்தார். "நாலு. இடது கொக்கியை மாட்டு, ரெண்டு தரம் இழுத்துப் பாரு. மாட்டியாச்சு, இழுத்தாச்சு. அடுத்து!" ஒலிபெருக்கியில் குரல் கணீரென்று வந்தது. நடுவில் ஒரு ஜோக் வேறு. அவர் கண்ணுக்கு முன்னால் ஓடுவதை மேலே இருந்தவர்கள் பார்க்க ஒரே ஒரு கேபிள்தான் இருந்தது. அதை இதயத் துடிப்பு பார்க்க வேண்டும் என்று டாக்டர் பிடுங்கிக்கொண்டார். போகட்டும், கவசத்திலேயே எல்லாம் பதிவாகிறதே, திங்கட்கிழமை குழு கூடும்போது போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பதினான்காவது படி முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இயக்குநர் தன் வழக்கப்படி "பிரமாதம்" என்றார்.

மாலை நான்கு மணிக்குக் கண்ணாடிக்காரி தன் அறையில் தனியாக உட்கார்ந்து, தன் வெற்றியை இன்னொரு முறை ரசிக்கலாம் என்று அந்தப் பதிவைப் போட்டாள்.

கழுகின் குரல் சொன்னது: "ஒண்ணு. மூடியோட பூட்டைத் திற."

திரையில் பச்சை எழுத்தில் இருந்தது: "பேட்டரித் தலைவர் இருமினால் பயப்படாதே. அடுத்து ஒரு கோரிக்கை வரும்."

அவள் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதே எழுத்து. உண்மையான படிகளை எழுதித் தர வேண்டியவர்கள், "திருப்பு" என்பதா "திருகு" என்பதா என்று சண்டை போட்டுக்கொண்டு கடைசி நாள்வரை தரவில்லை. வரியின் அகலத்தைச் சரிபார்க்க ஏதாவது எழுத்து வேண்டுமே என்று அவளே பதினான்கு வரி எழுதி வைத்திருந்தாள். ஐந்து வருட ஆற்றாமையை எல்லாம் அதில் கொட்டியிருந்தாள். சோதனை அன்று காலை அவசரத்தில் ஏற்றியது அந்தக் கோப்பைத்தான்.

"நாலு. இடது கொக்கியை மாட்டு, ரெண்டு தரம் இழுத்துப் பாரு."

"என் நாற்காலியைச் சரிசெய்யச் சொல்லி எட்டாவது முறையாகக் கடிதம் எழுது."

"அடுத்து!" என்றது குரல், உற்சாகமாக.

பதினோராவது வரி இயக்குநரைப் பற்றியது. அது வந்தபோது அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை ஏழு பேர் சேர்ந்து இதைப் பார்ப்பார்கள். சரியான கோப்பை எடுத்து, குரலுக்குப் பொருத்தி, புதிதாக ஒரு பதிவு செய்துவிட அவளுக்கு அரைமணி நேரம் போதும். கை அந்தப் பக்கம் போயும்விட்டது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது, நாற்காலி ஆடுவதை நிறுத்தியது.

மாமா ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, வாசலில் செருப்பு அடுக்கும் பலகை, உள்ளே காயப்போட்ட துணியின் ஈர வாசனை. மாமா பால்கனியில் மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து ஒரு இருமல் மருந்தை எடுத்து நீட்டினாள்.

"மாமா, இதுல எத்தனை தடவை குடிக்கணும்னு போட்டிருக்கு?"

அவர் வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். கை அதற்குமேல் நீளாததால் கழுத்தைப் பின்னால் இழுத்தார். "மூணு தடவை," என்றார்.

"ஒரு தடவைன்னு போட்டிருக்கு."

"உனக்கு இருமல் ஜாஸ்தி. அதான் மூணு சொன்னேன்."

"எனக்கு இருமலே இல்ல மாமா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். வரிகளையும் சொன்னாள், பதினோராவதையும் அவரைப் பற்றிய ஒன்றையும் தவிர. நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் பாப்பா. தூரத்துல எறும்பு போனாத் தெரியும். கிட்டத்துல யானையே வந்தாலும் கலங்கலாத்தான் இருக்கு."

நாற்பதைத் தாண்டினால் ஊரில் பாதிப் பேருக்கு வரும் வெள்ளெழுத்து. வராவிட்டால்தான் ஆச்சரியம்.

"கண் டெஸ்ட்ல எப்படித் தப்பிச்சீங்க?"

"தூரத்து எழுத்து ஒரு பிரச்சினையும் இல்ல. கிட்டத்து எழுத்துக்கு டாக்டர் ஒரு அட்டை குடுப்பார். ஒன்பது வருஷமா ஒரே அட்டை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"கண்ணாடி போட்டுக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே மாமா?"

"சட்டம் இல்ல. ஆனா கழுகு கண்ணாடி போட்டாருன்னு காலையில தெரிஞ்சா, மத்தியானம் சின்னவனுக்கு உடுப்பு அளவெடுப்பாங்க. எனக்கு நாலாவது தடவைன்னு ஒண்ணு வராது." இறக்கையைத் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீ சரியான கோப்பை வெச்சிடேன். நீயும் பாஸ், நானும் பாஸ். யாருக்கு என்ன நஷ்டம்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளும் நேற்றிரவு முழுக்க இதையேதான் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருந்தாள்.

"மேலே இருக்கும்போது திடீர்னு ஒரு எச்சரிக்கை வந்தா? அதை மனப்பாடம் பண்ண முடியாதே மாமா."

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. அக்கா டீக் கோப்பைகளுடன் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அப்போ அதுக்குத்தான் என்னைப் படிக்கச் சொன்னீங்களா?" என்றாள். இரண்டு வாரமாகத் தினமும் சாயங்காலம் அவள்தான் பழைய மணிக்கட்டுப் புத்தகத்திலிருந்து அந்தப் பதினான்கு படிகளைப் படித்துக் காட்டியவள். அவர் கூடத்தில் நடந்தபடி ஒப்பிப்பார். "பயிற்சிக்குன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா ஒரு படியை மாத்திப் படிச்சிருப்பேன். தொட்டியிலயே மாட்டிக்கிட்டு வீட்டோட இருந்திருப்பீங்க." கோப்பைகளை மின்விசிறிக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்தாள். "போறதுக்கு நான் என்னைக்காவது குறுக்க நின்னேனா? போங்க. ஆனா கண்ணு தெரியாமப் போகாதீங்க. அப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

அவர் துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தார். டீ ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக்காரி அவரை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். அவளுக்கு இரவே ஒரு சந்தேகம் தட்டியிருந்தது. மாமாவுக்குத் தூரம் நன்றாகத் தெரிகிறது. எழுத்து உண்மையில் புருவத்துக்கு மேலேதான் இருக்கிறது. ஒரு முழத் தூரத்தில் இருப்பதாகக் காட்டுவது ஒரு சின்ன லென்ஸ். அந்த லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினால், எழுத்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருப்பதாகக் காட்டாதா? இளவட்டக் கண்ணுக்கு எந்தத் தூரமும் ஒன்றுதான். அதனால் ஐந்து வருடத்தில் ஐந்து பேரில் ஒருவருக்கும் இது தோன்றவே இல்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

லென்ஸுக்குப் பின்னால் மெல்லிய வளையங்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். அவர் கவசத்துக்குள் தலையை விட்டபடி, முடி வெட்டிக்கொள்ளும் பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்போ?"

"புகை."

"இப்போ?"

"புகைக்குள்ள கொசு."

நான்காவது வளையம் உள்ளே போனது. அவர் மெதுவாகப் படித்தார். "'மாமாவின் ஜோக்குக்கு இன்றைக்காவது சிரிக்காதே.' யாரு எழுதினது இது?"

கையில் எடுத்திருந்த ஐந்தாவது வளையத்தை அவள் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். அவர் விடவில்லை; "அடுத்து, அடுத்து" என்று பதினான்கையும் படித்தார், திரும்ப முதலிலிருந்து படித்தார், பதினோராவது வரியில் கவசம் குலுங்கச் சிரித்தார். ஆனால் தலையை வெளியே எடுத்தபோது பேச்சு வேறாக இருந்தது.

"அவ்வளவுதானே. லென்ஸை இப்படியே விட்டுடு. இப்போ நிஜமாவே தெரியுதே. இனி எதுக்குச் சொல்லணும்?"

"குழு கையெழுத்து இல்லாம ஒரு வளையத்தைக்கூட மாத்த முடியாது சார். காரணம் எழுதணும்."

"என்னன்னு எழுதுவே?"

"வெள்ளெழுத்துன்னு."

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. ஏழு பேர், அதில் இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை, மேசையின் கோடியில் தலைக்கவசம். கழுகு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன் தப்பை மட்டும் சொல்வது, அவர் எதைப் படித்தார் என்று கேட்டால் விழிப்பது என்பதுவரைதான் அவள் யோசித்து வைத்திருந்தாள். பதிவை மாற்றாமல் அப்படியே போட்டாள்.

முதல் வரியில் பேட்டரித் தலைவர் இருமினார். நான்காவது வரியில் யாரோ சிரித்தார்கள். ஆறாவது வரிக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இயக்குநர் கையைத் தூக்கிப் பதிவை நிறுத்தச் சொன்னார்.

"வேற கோப்பை ஏத்திட்டேன் சார். தப்பு என்னோடது."

"அது சரி. அப்போ இவர் எதைப் படிச்சார்?"

அவள் விழித்தாள். கழுகு எழுந்து நின்றார்.

"நான் படிக்கல சார். மனப்பாடம். எனக்குக் கிட்டத்துல எழுத்து தெரியாது. ரெண்டு வருஷமாச்சு." டாக்டரைப் பார்த்தார். "அந்த அட்டையைக் கொஞ்சம் மாத்துங்க டாக்டர்."

சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. வெளியே போகச் சொல்வார்கள் என்று காத்திருப்பவர் போல நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடிக்காரிக்கு அழுகை முட்டியது. சபையில் வைத்து, "உட்காருங்க மாமா," என்றுவிட்டாள்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஆக்சிஜன் துறைத் தலைவியம்மா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் தெரியலை," என்றார்.

"என்ன தெரியலை?"

"அந்த எழுத்துதான். போன வருஷம் எல்லாரும் தலையை விட்டுப் பார்த்தோமே. கண்ணாடியைக் கழட்டிட்டுத்தானே உள்ளே போக முடியுது. பச்சையா ஏதோ பாசி மாதிரி இருந்துச்சு. நீங்கல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்க. நானும் சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னதாலதானே நான் சொன்னேன்!" என்றார் பேட்டரித் தலைவர். குளிர்நீர்க்காரர் தன் நீல அலையை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று தழுதழுத்த குரலில் ஒப்புக்கொண்டார். டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏழு பேர், ஐந்து வருடம், ஒன்பது ஆய்வுக் கூட்டம். ஒருவர்கூட ஒரு எழுத்தைப் படித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லென்ஸை நகர்த்திப் பார்த்ததைக் கண்ணாடிக்காரி அப்போதுதான் சொன்னாள்.

இயக்குநர் எழுந்துபோய்க் கவசத்தை எடுத்தார். "நேத்து நீங்க மாத்தின லென்ஸா இது?" என்று கேட்டுவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, உள்ளே தலையை விட்டார். பதிவு நின்ற இடத்திலிருந்து அவரே "அடுத்து, அடுத்து" என்று தள்ளிக்கொண்டு போனார். கண்ணாடிக்காரி விரல்விட்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து.

கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் சன்னமாக வந்தது. "'இயக்குநர் பிரமாதம் என்றால், இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.'"

அவர் தலையை வெளியே எடுக்க நெடுநேரம் ஆனது. எடுத்தபோது முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை; கையும் களவுமாகப் பிடிபட்டவரின் சாந்தம் இருந்தது. "லென்ஸ் இப்படியே இருக்கட்டும். இருபது நாள்ல மறுபடி தொட்டி. படிகளை அன்னைக்குக் காலையில எழுதினாப் போதும், யாருக்கும் முன்னாடி காட்டக் கூடாது. படிச்சுக் காட்டினா இவர் போறார். இல்லேன்னா சின்னவர்." பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

இருபதாம் நாள் கழுகு ஜோக் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்தார். ஆறாவது வரியில் நின்றார். "இது தப்பா இருக்கே. மூடியைத் திறந்த பிறகு பூட்டைத் திறக்கச் சொல்லுது. எழுதினவர் வரிசையை மாத்திட்டார்." தொட்டியின் மேல்மாடத்தில் நின்ற, படிகளை எழுதியவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்று பிற்பகலே பட்டியலில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கண்ணாடிக்காரி நேரே அக்கா வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்ததும் மூச்சிரைக்கச் சொன்னாள். அக்கா சந்தோஷப்பட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு சந்தோஷப்பட்டதற்காக ஒரு முறை தனியாகத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நீ உட்கார்ந்து படிச்சுக் காட்ட வேண்டாம்கா. எல்லாம் அவரே படிச்சுக்குவார்."

அக்கா சோபாவில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"கல்யாணமாகி இருபது வருஷம். பயிற்சி, பயணம், கூட்டம்னு அவர் வீட்ல உட்கார்ந்ததே இல்லடி. அந்த ரெண்டு வாரம்தான் சாயங்காலம் ஆச்சுன்னா என்கூட இருந்தார். பேசினது என்னவோ கொக்கி, திருகு, மூடிதான். இருந்தாலும் நல்லாருந்துச்சு."

இதற்கு எந்த லென்ஸை எங்கே நகர்த்துவது என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மாமா எவ்வளவு கேட்டாரோ, கேட்கவில்லையோ. உள்ளே வந்தார். மூக்கின்மேல் புத்தம்புதுசாக ஒரு படிக்கும் கண்ணாடி. கடைக்காரர் ஒட்டிய சின்னச் சீட்டு இன்னும் காம்பில் ஆடிக்கொண்டிருந்தது. கையில் பயணத்துக்கான கனத்த கையேடு. மச்சினியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மடித்த துணிகளை ஓரமாக நகர்த்திவிட்டு அக்காவின் அருகில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு," என்றார் கையேட்டை அவள் மடியில் வைத்து. "எனக்கு எங்க தெரியுது? நீயே படி."

அக்கா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.